ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா? விமானம் தாமதமானால், பெட்டி வராவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் கேள்வி

முதல்ல ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கோவையைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள். இருவருக்கும் கனடாவில் ஜனவரி செமஸ்டருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரே நாளில் கிளம்புகிறார்கள். கோவையில் இருந்து டெல்லிக்கு ஒரே விமானம், டெல்லியில் இருந்து டொராண்டோவுக்கும் ஒரே விமானம். மாலை 5.30-க்கு கோவையில் ஏறினால் இரவு 8.30-க்கு டெல்லி. டொராண்டோ விமானம் அதிகாலை 2 மணிக்கு. நடுவில் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. தாராளம்னுதான் தோணும்.

ஆனால் அன்று காலை டெல்லியில் அடர் பனிமூட்டம். மாலையில் கோவைக்கு வரவேண்டிய விமானம் அந்தப் பனியில் சிக்கி, நாள் முழுக்கத் தாமதமாகவே பறந்து, கடைசியில் மூன்றரை மணி நேரம் பிந்திக் கிளம்புகிறது. இருவரும் டெல்லியில் இறங்கும்போது நள்ளிரவு 12 மணி.

முதல் நண்பரின் பெட்டிக்கு கோவையிலேயே டொராண்டோ வரைக்கும் டேக் போட்டுவிட்டார்கள். கையில் இரண்டு போர்டிங் பாஸும் இருக்கின்றன. நேராகக் குடியேற்றச் சோதனைக்குப் போகிறார், 2 மணி விமானத்தைப் பிடித்துவிடுகிறார்.

இரண்டாவது நண்பரின் பெட்டிக்கு டெல்லி வரைக்கும்தான் டேக். பெல்ட்டில் 40 நிமிடம் காத்திருந்து பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டு வாசல் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போகும்போது மணி 1.10. கவுண்டரை 1 மணிக்கே மூடியாச்சு. அவருடைய டிக்கெட் 'நோ ஷோ', அதாவது பயணி வரவில்லை என்ற கணக்கில் போய்விட்டது.

இருவருக்கும் ஒரே தாமதம், ஒரே பனிமூட்டம். வித்தியாசம் ஒன்றுதான். முதல் நண்பர் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தார். இரண்டாவது நண்பர், கொஞ்சம் விலை குறைவாகக் கிடைத்ததால், தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார்.

விமானத் தாமதம் பற்றியும் தொலைந்த பெட்டி பற்றியும் நாம் படிக்கும் பெரும்பாலான ஆலோசனைகள், ஏர்போர்ட்டில் போய் என்ன செய்வது என்பதில்தான் தொடங்குகின்றன. உண்மையில் பாதி விஷயம் டிக்கெட் எடுக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலைப் பனி மாலை விமானத்தை எப்படித் தாமதிக்கிறது?

உள்நாட்டுச் சேவையில் ஓடும் ஒரு விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலை டெல்லி, பிறகு மும்பை, அடுத்து கோவை, மறுபடி டெல்லி என்று டவுன் பஸ் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் அது தரையில் நிற்கும் நேரம் அரை மணி, முக்கால் மணிதான். காலையில் முதல் சுற்றில் இரண்டு மணி நேரம் போனால், அதை ஈடுகட்ட நாள் முழுக்க இடமே இல்லை.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில் தாமதத்துக்கான காரணங்களும் இருக்கும். வானிலை, தொழில்நுட்பக் கோளாறு எல்லாம் அதில் வரும். ஆனால் வழக்கமாக முதலிடத்தில் இருப்பது, முந்தைய விமானம் தாமதமானதால் வந்த தொடர் தாமதம்.

அந்த அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, குறித்த நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினாலே 'சரியான நேரம்' என்றுதான் கணக்கு. இரண்டு, 'சரியான நேர' விழுக்காடு பெரிய மெட்ரோ விமான நிலையங்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கோவை, மதுரை, திருச்சியில் இருந்து கிளம்பும் உங்கள் விமானம் அந்த எண்ணுக்குள் நேரடியாக இல்லை. உள்நாட்டு விமானம் தாமதமானதால் வெளிநாட்டு விமானத்தைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை.

சில சமயம் சிக்கல் ஒரு விமானத்தோடு நிற்பதில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது நினைவிருக்கும். விமானிகளின் பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகள் முழுமையாக அமலுக்கு வந்த சில வாரங்களில், இண்டிகோவின் விமானங்கள் நாடு முழுக்க ரத்தாகத் தொடங்கின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமான நிலையங்களில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பயணிகளிடம் இருந்து பிரிந்த பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில் உள்நாட்டு டிக்கெட்டின் பணம் திரும்பக் கிடைப்பது ஒரு ஆறுதல். ஆனால் தனி டிக்கெட்டில் வெளிநாட்டு விமானம் வைத்திருந்தவருக்கு, அந்தச் சில ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

ஒரே டிக்கெட்தான்னு எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டத்தின் பார்வையில் டிக்கெட் என்பது ஒப்பந்தம். கோவையில் இருந்து டொராண்டோ வரை ஒரே டிக்கெட் என்றால், உங்களை டொராண்டோவில் சேர்ப்பதுதான் ஒப்பந்தம். நடுவில் எத்தனை விமானம் மாறினாலும் அது நிறுவனங்களின் கவலை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தருவது அவர்கள் பொறுப்பு.

இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். முதல் நிறுவனம் உங்களை டெல்லியில் இறக்கிவிட்டால், லேட்டாக இறக்கினாலும், அதன் வேலை முடிந்தது. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்பது தேவையே இல்லை. நோ ஷோ ஆனால் வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் போன்ற தொகைகள்தான் பொதுவாகத் திரும்பும். அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் இருந்தால், பெரும்பாலும் அதுவும் சேர்ந்து ரத்தாகிவிடும்.

இதைச் சரிபார்க்க மூன்று இடம் பாருங்க:

• பிஎன்ஆர்: இரண்டு விமானத்துக்கும் வேறு வேறு பிஎன்ஆர் என்றால் உடனே சந்தேகப்படுங்க. டிக்கெட் விற்கும் இணையதளங்கள் தங்கள் சொந்த புக்கிங் எண் ஒன்றைப் போட்டு, உள்ளே இரண்டு பிஎன்ஆர் வைத்திருப்பது உண்டு.

• இ-டிக்கெட் எண்: பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும். எல்லா விமானத்துக்கும் அதே எண் என்றால் ஒரே டிக்கெட்.

• 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்: புக்கிங் பக்கத்தில் சின்ன எழுத்தில் இது இருந்தால், 'நடுவில் பெட்டியை நீயே எடுத்து நீயே மாற்றிக்கொள், தவறவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை' என்று அர்த்தம்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் இன்னொன்றும் கேளுங்க. 'புக்கிங்கில் யார் போன் நம்பர் போட்டிருக்கு?' பல ஏஜென்ட்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். விமானம் ரத்தான செய்தி அவர் போனுக்குப் போகும், உங்களுக்கு வராது. அதைவிடப் பெரிய சிக்கல், சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு ரத்துக்கான இழப்பீடு கிடையாது என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது.

தாமதமானால் என்ன தர வேண்டும்?

இங்கே இரண்டு சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்: கவனிப்பு, இழப்பீடு. சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் எல்லாம் கவனிப்பு. கையில் தரும் பணம் இழப்பீடு. டிஜிசிஏ விதிகளின்படி விமானம் தாமதமானால் கிடைப்பது பெரும்பாலும் கவனிப்புதான்.

• சாப்பாடு, சிற்றுண்டி: இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்தில் இருந்து. இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணம் என்றால் 3 மணி நேரத் தாமதத்தில் இருந்து. அதைவிட நீண்ட பயணத்துக்கு 4 மணி நேரம். கோவை – டெல்லி சுமார் 3 மணி நேரம் என்பதால் நம் நண்பர்கள் இரண்டாவது வகை.

• உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால்: மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்.

• ஹோட்டல்: தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே போதும்.

ரத்தானால் கணக்கு வேறு. முறைப்படி முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால் 1 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி நேரத்துக்கு 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் 'அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது' என்ற வால் ஒன்று உண்டு. 3,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தவர் 10,000 எதிர்பார்க்க முடியாது. ஒரே டிக்கெட்டில் இருந்த அடுத்த விமானத்தை இந்த ரத்தால் தவறவிட்டவர்களுக்கும் இந்த விதியில் இடமிருக்கிறது. தனி டிக்கெட்காரருக்கு இல்லை.

பனிமூட்டம், வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு போன்றவை 'அசாதாரண சூழ்நிலை'. அப்போது இழப்பீடு தர வேண்டியதில்லை. அதுக்காக பட்டினி போடலாம்னு அர்த்தம் இல்லை. பனிமூட்டத்தால் தாமதமான ஒரு டெல்லி – ஹைதராபாத் விமானம் பற்றிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பனிக்கு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியாது, ஆனால் குறைந்த கட்டண நிறுவனம் என்றாலும் காத்திருக்கும் பயணிக்கு அடிப்படை வசதி செய்துதர வேண்டும் என்றது நீதிமன்றம். 'வெதர் சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது' என்று கவுண்டரில் சொன்னால், அது இழப்பீட்டுக்குப் பொருந்தும். சாப்பாட்டுக்குப் பொருந்தாது.

ஐரோப்பா போகிறவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அங்கே போய் இறங்கும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும், ஐரோப்பிய விதி பொருந்தும். போய்ச் சேர்வது 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தால், இப்போதைய விதிப்படி நீண்ட தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம். சென்னையில் இருந்து இந்திய நிறுவனத்தில் போனால் இது கிடையாது. அதே நிறுவனத்தில் ஐரோப்பாவில் இருந்து திரும்பி வரும்போது உண்டு.

பெட்டி உண்மையிலேயே தொலைகிறதா?

இந்த விஷயத்தில் எண்கள் கொஞ்சம் ஆறுதல் தருகின்றன. விமான நிலையங்களுக்கான தொழில்நுட்பம் தரும் சிடா நிறுவனம் ஆண்டுதோறும் உலக அளவிலான கணக்கை வெளியிடுகிறது. 2007-ல் ஆயிரம் பயணிகளுக்கு 18.9 பெட்டிகள் தாமதமோ சேதமோ தொலைவோ ஆகின. 2024-ல் அது 6.3. கிட்டத்தட்ட 160 பயணிக்கு ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிகளிலும் தொலைந்தவை அல்லது திருடுபோனவை சுமார் 8 விழுக்காடுதான். அதாவது 2,000 பயணிக்கு ஒரு பெட்டி என்ற அளவு. மீதியில் பெரும்பாலானவை தாமதமாக வந்து சேர்ந்தவை. ஆகவே 'பெட்டி தொலைஞ்சு போச்சு' என்று நாம் சொல்வது, பத்தில் ஒன்பது முறைக்கு மேல், 'பெட்டி இன்னும் வரலை' என்பதுதான்.

ஏன் வரவில்லை? தாமதமான பெட்டிகளில் 41 விழுக்காடு, ஒரு விமானத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில் தவறியவை. நீங்கள் ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம், உங்கள் பெட்டிக்கு ஓடத் தெரியாது. அதை இறக்கி, வண்டியில் ஏற்றி, பிரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். முதல் நண்பர் டொராண்டோவில் இறங்கும்போது அவர் பெட்டி டெல்லியிலேயே நிற்கலாம். ஒரே டிக்கெட் எடுத்தவருக்கும் இந்த ஆபத்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. செக்-இன் பெட்டியில் பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைத் தனியே நிறுத்திவிடுவார்கள். ஊரில் இருந்து கொடுத்துவிடும் பொருட்களில் கொப்பரைத் தேங்காயைக் கவனிங்க. எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பற்றும் என்பதால் 2022 முதல் அது செக்-இன் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள்.

பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி வரலை. இப்போ என்ன பண்றது?

இந்தியாவில் விமானம் நின்ற 10 நிமிடத்தில் முதல் பெட்டியும், 30 நிமிடத்தில் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும். 2024 பிப்ரவரியில் இதை உறுதிசெய்யச் சொல்லி ஏழு விமான நிறுவனங்களுக்கு சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. பெல்ட் நின்ற பிறகும் பெட்டி வரவில்லை என்றால் காத்திருக்காதீங்க.

1. வெளியே போகாதீர்கள். பெல்ட் இருக்கும் கூடத்திலேயே பெட்டி உதவி மையம் இருக்கும். வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போவது கஷ்டம்.

2. பிஐஆர் கேளுங்கள். பெட்டி வரவில்லை என்பதற்கான அதிகாரபூர்வப் பதிவு அது. விமான நிலையக் குறியீடு, நிறுவனக் குறியீடு, ஐந்து இலக்கம் சேர்ந்த ஒரு எண் தருவார்கள். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் தேடல் அமைப்பில் உங்கள் பெட்டி அந்த எண்ணில்தான் இருக்கும். 'நாங்க போன் பண்றோம், நீங்க போங்க' என்ற வாய்வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

3. டேக் துண்டைக் காட்டுங்கள். செக்-இன் செய்யும்போது போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டித் தரும் சின்ன ஸ்டிக்கர்தான் அது. அதில் உள்ள 10 இலக்க எண்தான் பெட்டியின் ஆதார் எண் மாதிரி. அதைப் போட்டோ எடுத்து வையுங்க. பெட்டியையும், மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதையும் சேர்த்து எடுங்க.

4. தங்கப்போகும் முகவரியைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு நாளில் வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் அதையும் சொல்லுங்க.

5. அவசியமானதை வாங்கி பில் வையுங்கள். கனடாவின் ஜனவரிக் குளிரில் ஜாக்கெட் ஆடம்பரம் இல்லை. பல் துலக்கும் பொருள், மாற்று உடை, மருந்து எல்லாம் நியாயமான செலவு. பில் இல்லாமல் கேட்க முடியாது.

பணம் எவ்வளவு? 20,000 ரூபாயா, லட்சக்கணக்கிலா?

டிக்கெட் எண்ணிக்கை மறுபடியும் உள்ளே வருவது இங்கேதான். பலருக்குத் தெரியாத பகுதி இது.

உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ தாமதமானாலோ, விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். 2014-ல் வந்த அறிவிக்கை அப்படிச் சொல்கிறது.

சர்வதேசப் பயணத்துக்கு 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதன்படி பெட்டிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, ஒரு அமெரிக்க டாலரைவிட மதிப்பு கொஞ்சம் அதிகம். ரூபாயில் பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

கோவை – டெல்லி உள்நாட்டு விமானம்தானே, பெட்டி அங்கே தொலைந்தால் 20,000 தானே என்று கேட்கலாம். ஒரே டிக்கெட் என்றால், இல்லை. முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தமாக இருந்தால், அதில் வரும் உள்நாட்டுத் துண்டும் சர்வதேசப் பயணத்தின் பகுதிதான் என்கிறது உடன்படிக்கை. ஆக, அதே விமானத்தில், அதே பெட்டி அறையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய், இன்னொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

வேறு வேறு நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றிச் சென்ற ஒரே டிக்கெட் பயணமாக இருந்தாலும் கவலை இல்லை. முதலில் ஏற்றிய நிறுவனம், கடைசியில் ஏற்றிய நிறுவனம், தொலைத்த நிறுவனம் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். 'அது அவங்க தப்பு' என்று ஒருவரையொருவர் கைகாட்டி உங்களை அலையவிட முடியாது.

இரண்டு எச்சரிக்கை. இவை உச்சவரம்புகள், எல்லோருக்கும் தரும் தொகை அல்ல. உங்கள் இழப்பை நீங்கள் காட்ட வேண்டும். அடுத்து, உச்சவரம்பைவிட மதிப்புள்ள பொருளைப் பெட்டியில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பை எழுதிக் கொடுத்து, கேட்டால் கூடுதல் கட்டணம் செலுத்தலாம். நகை, பணம், லேப்டாப், சான்றிதழ் போன்றவற்றுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருப்பது வழக்கம். அவற்றைப் பெட்டியில் வைக்காமல் இருப்பதே நல்லது.

7, 21, 2: மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று எண்

• 7 நாள்: பெட்டி உடைந்தோ, கிழிந்தோ வந்தால், கைக்கு வந்த நாளில் இருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

• 21 நாள்: பெட்டி தாமதமாக வந்தால், கைக்கு வந்ததில் இருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். வரவேண்டிய நாளில் இருந்து 21 நாள் ஆகியும் வரவே இல்லை என்றால், தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம்.

• 2 ஆண்டு: வழக்குத் தொடர இதுதான் காலக்கெடு.

ஏர்போர்ட்டில் பிஐஆர் போட்டாச்சு, அதுவே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிஐஆர் என்பது பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. பணம் கேட்பது தனி. பிஐஆர் எண்ணைக் குறிப்பிட்டு, பில்களை இணைத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால்தான் உங்கள் கோரிக்கை தேதியோடு பதிவாகும். பெட்டி வந்துவிட்ட சந்தோஷத்தில் இந்த 21 நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மகன் வெளிநாடு போய்விட்டாலும், அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தில் அப்பாவோ அம்மாவோ இங்கிருந்து வழக்கை நடத்தலாம்.

கிளம்புவதற்கு முன்

தனித்தனி டிக்கெட் எடுக்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. சில ஊர்களில் இருந்து ஒரே டிக்கெட் கிடைக்காது. சில சமயம் விலை வித்தியாசம் உண்மையிலேயே பெரியது. அப்படி எடுப்பதாக இருந்தால் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை நேரமாக மாற்றுங்கள்:

• முந்தைய நாளே போய் ஒரு இரவு தங்குங்க. டிசம்பர் கடைசி, ஜனவரியில் டெல்லி வழியாகப் போனால் இது கட்டாயம்.

• மற்ற மாதங்களில் அன்றே போவதாக இருந்தால் நாளின் முதல் விமானத்தைப் பிடிங்க. தொடர் தாமதம் சேர்ந்திருக்காது. பனிக்காலத்தில் மட்டும் டெல்லியின் அதிகாலை விமானத்துக்கு இது தலைகீழ்.

• இரண்டு விமானமும் எந்த டெர்மினல் என்று பாருங்க. டெல்லியில் டெர்மினல் 1-ல் இறங்கி டெர்மினல் 3-க்குப் போக வேண்டியிருந்தால், அந்தச் சாலைப் பயணத்தையும் கணக்கில் சேருங்க.

• பயணக் காப்பீட்டில் 'தவறிய இணைப்பு விமானம்', 'பெட்டி தாமதம்' இரண்டும் இருக்கிறதா என்று படிங்க. எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் வரும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

எந்த டிக்கெட் என்றாலும் கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகக் கடிதம், அசல் சான்றிதழ்கள், ஒரு வாரத்துக்கான மருந்தும் மருத்துவர் சீட்டும், ஒரு மாற்று உடை, குளிர் நாடு என்றால் ஜாக்கெட். பெட்டி 3 நாள் வராவிட்டாலும் நீங்கள் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் போய் நிற்க முடியணும். அதுதான் அளவுகோல்.

செக்-இன் கவுண்டரில் பெட்டி நகர்வதற்கு முன், டேக்கில் எந்த ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்க. 'பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா, நடுவில் நான் எடுக்கணுமா?' என்று வாய்விட்டுக் கேளுங்க. அமெரிக்கா போகிறவர்கள், ஒரே டிக்கெட் என்றாலும், அங்கே முதலில் இறங்கும் ஊரில் பெரும்பாலும் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடி போட வேண்டும். அதேபோல் வெளிநாட்டில் இருந்து திரும்பும்போது, இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாக அதே நடைமுறை.

நம் இரண்டாவது நண்பர் இரண்டு டிக்கெட் எடுத்து மிச்சப்படுத்தியது சில ஆயிரம் ரூபாய். அந்த இரவு டெல்லியில் அவர் வாங்க வேண்டியிருந்தது, டொராண்டோவுக்கு இன்னொரு முழு டிக்கெட். டிக்கெட் விலைகளை ஒப்பிடும்போது, அந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிடுங்க.